கடலாடி வெயிலும் கணினி விசிறியும்: செயலிச் சூட்டின் வரலாறு

ராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள வட்டம் கடலாடி. பனங்காடு, சீமைக் கருவேலம், கரிமூட்டம், சாயல்குடிச் சாலை, வாலிநோக்கம் உப்பளம்... இவைதான் இந்தப் பகுதி என்றதும் நினைவுக்கு வருபவை. சித்திரை, வைகாசிப் பகலில் வெயில் 35 பாகை செல்சியஸைத் தாண்டுவது இங்கே வழக்கம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை என்றால் உள்ளே இன்னும் கூடுதல்.

அப்படி ஒரு அறையில் ஒரு கணினி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டி, தாய்ப்பலகை, செயலி, நினைவகம், வன்தட்டு என்று ஒவ்வொன்றாக வாங்கி உள்ளூரில் சேர்த்தது. காலையில் ஒழுங்காக ஓடுகிறது. மதியம் இரண்டு மணிக்கு ஆமை வேகம். மூன்று மணிக்குத் தானாக அணைந்து மறுபடி எழுகிறது. விசிறி மட்டும் ஊளையிடுகிறது. மாலை கடற்காற்று வீசத் தொடங்கியதும் எல்லாம் சரியாகி விடுகிறது. "வைரஸ்தான், ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். ஃபார்மேட்டும் அடிப்பார்கள். அடுத்த நாள் மதியம் மீண்டும் அதே கதை.

இது வைரஸ் அல்ல. சூடு. இந்தச் சூட்டுக்குப் பின்னால் பல பத்தாண்டு வரலாறு இருக்கிறது. "இந்த இயந்திரம் எந்த ஊர் வெயிலுக்காக வடிவமைக்கப்பட்டது?" என்ற கேள்வியும் அந்த வரலாற்றுக்குள் இருக்கிறது.

குளிர் அறையில் பிறந்த இயந்திரம்

கணினி பிறந்தபோதே சூடும் கூடப் பிறந்தது. 1946ல் அமெரிக்காவில் பொதுமக்களுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சிறிய பல்பு மாதிரி. மொத்தம் ஏறத்தாழ 150 கிலோவாட் மின்சாரம் தின்றது. அவ்வளவு மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். அதனால் பெரிய ஊதுவிசிறிகள் வைத்தார்கள். ஏதாவது ஒரு பகுதி அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் அமைப்பும் இருந்தது. இன்றைய கணினி தானாக அணைந்துபோவதற்கு முப்பாட்டன் அதுதான்.

இந்தியாவுக்கு முதல் மின்னணுக் கணினி 1955ல் வந்தது. இங்கிலாந்தில் வாங்கப்பட்ட அந்த ஹெச்.இ.சி. 2எம் இயந்திரம் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிறுவப்பட்டது. அடுத்து மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சொந்தமாகவே ஒரு கணினியைக் கட்டியது. அதன் முழு வடிவம் 1960ல் இயங்கத் தொடங்கியது. 1962ல் ஜவஹர்லால் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். இரண்டுமே வெற்றிடக் குழாய்க் கணினிகள். கொல்கத்தா, மும்பை வெக்கையில் குளிரூட்டிய அறை இல்லாமல் அவற்றை ஓட்டுவதை நினைத்தும் பார்க்க முடியாது.

தமிழ்நாட்டில் 1973ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஜெர்மனியின் உதவியோடு ஐ.பி.எம். 370/155 கணினி வந்தது. அந்தக் காலத்தில் கணினி அறை என்றால் இரட்டைக் கதவு, கண்ணாடித் தடுப்பு, ஏசி. பின்னாட்களில் நம் பள்ளிக்கூடங்களில் கணினி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்ன பழக்கமும் இதன் தொடர்ச்சிதான். அது பக்தி அல்ல. தூசியும் சூடும் கணினியின் இரு எதிரிகள் என்ற பாடத்தின் எச்சம்.

ஆக முதல் தீர்வு எளிமையானது. இயந்திரத்தை மாற்றாதே, அறையை மாற்று! பணம் உள்ள நிறுவனத்துக்கு அது சரி. ஏசி வாங்க முடியாத ஊருக்கு?

ஏசி இல்லாத ஊருக்கு ஒரு இயந்திரம்

இந்தக் கேள்வியை இந்தியாவில் நேருக்கு நேர் சந்தித்தவர்கள் கணினிக்காரர்கள் அல்ல, தொலைபேசிக்காரர்கள். 1984ல் சி-டாட் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. சாம் பிட்ரோடாவின் பெயர் அதோடு சேர்ந்தே நினைக்கப்படுவது. மின்னணுத் தொலைபேசி நிலையம் என்பதும் ஒரு வகைக் கணினிதான். அதற்குள்ளும் செயலி உண்டு, நினைவகம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த நிலையங்கள் பெரிய நகரங்களின் குளிரூட்டிய கட்டடங்களை எதிர்பார்த்தன. கிராமத்தில் அப்படி ஒரு கட்டடம் கட்டினாலும் ஏசியை ஓட்ட நாள் முழுக்க மின்சாரம் வேண்டும். அது எங்கே இருந்தது?

சி-டாட் பொறியாளர்கள் தலைகீழாக யோசித்தார்கள். சூட்டை வெளியேற்றுவதற்குப் பதிலாக, சூட்டையே குறைவாக உண்டாக்குவது! குறைந்த மின்சாரம் எடுக்கும் பாகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 128 இணைப்புகள் கொண்ட ஊரகத் தானியங்கித் தொலைபேசி நிலையம் உருவானது. ஏசி இல்லாத சாதாரண அறையில், வெயிலிலும் தூசியிலும் ஓடக்கூடியது. 1986ல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலாவது நிலையம் நிறுவப்பட்டது. பிறகு நாடெங்கும் ஆயிரக்கணக்கில் பரவியது. மஞ்சள் பலகை தொங்கிய எஸ்.டி.டி. பூத்துகள் கிராமங்கள் வரை போனதில் இந்த நிலையங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதே சிந்தனை பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யிலும் தொடர்ந்தது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990களில் உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொடர்பு முறையும் ஏசி இல்லாமல் இயங்கும்படியே வடிவமைக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தி 2000களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டம் மேலூர் பகுதிக் கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. கடலாடிக்கு இன்னும் அருகே, ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இஸ்ரோவும் சேர்ந்து செயற்கைக்கோள் வழியாக இணைத்த கிராம வள மையம் 2004ல் தொடங்கியது.

இங்கேதான் ஒரு முரண். தொடர்புக் கருவிகள் வெயிலுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஆனால் இது போன்ற மையங்களின் மேசையில் அவற்றோடு இணைத்துப் பயன்படுத்தியது சந்தையில் கிடைத்த சாதாரண மேசைக் கணினி. அதை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது வேறு ஊர், வேறு வெயில்.

விசிறி எப்போது வந்தது?

மேசைக் கணினியின் செயலிக்குத் தொடக்கத்தில் விசிறியே கிடையாது. 1971ல் வந்த இன்டெல் 4004 செயலி எடுத்தது ஒரு வாட்டுக்கும் குறைவு. 1981ல் ஐ.பி.எம். வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டரில் விசிறி மின்வழங்கிப் பெட்டியில்தான் இருந்தது. செயலி வெறுமனே பலகையில் உட்கார்ந்திருந்தது. 1984ல் இந்தியப் பள்ளிகளில் கணினிக் கல்வி கொடுக்கத் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பிரிட்டனின் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் பயன்பட்டன. அவற்றில் விசிறியே இல்லை!

1990களின் தொடக்கத்தில் 486 செயலிகள் வேகமெடுத்தபோது அவற்றின் தலையில் அலுமினியத் தகடுகள் ஏறின. அதுதான் ஹீட் சிங்க். 1993ல் வந்த முதல் பென்டியம் செயலி 5 வோல்ட்டில் ஓடியது. ஏறத்தாழ 15 வாட் வெப்பம் கக்கியது. தகட்டின் மேல் சின்ன விசிறி வைப்பது அதன் பிறகு வழக்கமானது. 2000ல் ஒரு கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 எடுத்தது சுமார் 30 வாட். 2004ல் வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4 எடுத்தது 100 வாட்டையும் தாண்டியது. பத்து ஆண்டுகளுக்குச் சற்று மேல், 15 வாட்டிலிருந்து 100 வாட்!

100 வாட் என்றால் ஒரு குண்டு பல்பு அளவுதானே என்று தோன்றலாம். ஆனால் எவ்வளவு இடத்தில் என்று பார்க்க வேண்டும். பிரெஸ்காட்டின் சிலிக்கான் துண்டின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரை விடக் கொஞ்சம்தான் அதிகம். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 90 வாட். வீட்டில் உள்ள ஆயிரம் வாட் மின் அடுப்பின் தட்டு 18 சென்டிமீட்டர் அகலம் என்றால் அதில் சதுர சென்டிமீட்டருக்கு 4 வாட்தான் வருகிறது. அடுப்பைப் போல இருபது மடங்குக்கும் மேல் நெருக்கமான சூடு கணினிப் பெட்டிக்குள்.

இது யாருக்கும் தெரியாமல் வந்த வினை அல்ல. 1965ல் கார்டன் மூர் தன் புகழ்பெற்ற கட்டுரையிலேயே ஒரே துண்டில் இவ்வளவு பாகங்களை அடைத்தால் வெப்பத்தை எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார். 1974ல் ராபர்ட் டென்னார்டும் அவரோடு பணியாற்றியவர்களும் அதற்கு ஒரு விடை சொன்னார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைத்தால் சதுர அளவுக்கான வெப்பம் ஏறாது என்பது அது. காரணம், செயலி எடுக்கும் மின்திறன் வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. மின்னழுத்தத்தை 10 சதவீதம் குறைத்தால் திறன் 19 சதவீதம் குறையும்.

இந்த வழி முப்பது ஆண்டுகள் உழைத்தது. பிறகு டிரான்சிஸ்டர்கள் மிகச் சிறிதாகிப்போன கட்டத்தில், அணைத்து வைத்தாலும் மின்சாரம் கசியத் தொடங்கியது. மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இடமில்லை. 2001 பிப்ரவரியில் இன்டெலின் பாட் கெல்சிங்கர் ஒரு மாநாட்டில், இப்படியே போனால் செயலியின் வெப்ப நெருக்கம் அணு உலை, ராக்கெட் முனை என்று ஏறிக்கொண்டே போகும் என எச்சரித்தார். 2004 மே மாதம் பிரெஸ்காட்டுக்கு அடுத்து வரவிருந்த தேஜாஸ் செயலியை இன்டெல் கைவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டமும் கைவிடப்பட்டது. வேகப் பந்தயத்தை நிறுத்தியதில் சூட்டின் பங்கே பெரியது.

எரிந்துபோன செயலிகள்

2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற தளம் ஒரு காணொளியை வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து ஹீட் சிங்கைக் கழற்றினால் என்ன ஆகும் என்ற சோதனை. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. பென்டியம் 3 அப்படியே உறைந்து நின்றது, ஆனால் பிழைத்தது. ஏ.எம்.டி.யின் அத்லான் செயலிகள் சில நொடிகளில் புகை விட்டுக் கருகின. உலகம் முழுவதும் சொந்தமாகக் கணினி சேர்ப்பவர்கள் அதைப் பார்த்து அதிர்ந்தார்கள்.

விலைக்கேற்ற வேகம் என்பதால் சென்னை ரிச்சி தெருவிலிருந்து மாவட்டத் தலைநகரங்கள் வரை அத்லான் செயலிகளுக்கும் ஒரு கூட்டம் இருந்தது. அந்தக் கால அத்லானின் சிலிக்கான் மூடி இல்லாமல் வெளியே தெரியும். ஹீட் சிங்கின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மாட்ட வேண்டும். கொஞ்சம் கோணினால் சிலிக்கானின் மூலை உடையும். கை நழுவினால் தாய்ப்பலகையில் கீறல் விழும். வெப்பப் பசை தடவ மறந்தால் அவ்வளவுதான். ஒரு செயலி போனால் ஒரு குடும்பத்தின் சில மாதச் சேமிப்பு போயிற்று.

பின்னாட்களில் செயலிகளில் காப்பு ஏற்பாடு உள்ளேயே வந்துவிட்டது. வரம்பைத் தொட்டதும் செயலி தன் துடிப்புகளில் சிலவற்றை விட்டுவிட்டு இளைப்பாறும், அல்லது வேகத்தையும் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் தானாக அணைந்துவிடும். கடலாடி அறையில் மதியம் கணினி ஆமையாவதன் காரணம் இதுதான். அது பழுது இல்லை, செயலி உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் முறை. இதைத் தெரியாமல் ஃபார்மேட் அடித்து இழந்த புகைப்படங்களும் கணக்குகளும் எத்தனையோ!

35 பாகை என்ற கோடு

இனி முக்கியமான இடத்துக்கு வரலாம். பென்டியம் 4 காலத்தில் கணினிப் பெட்டி செய்பவர்களுக்கு இன்டெல் ஒரு வழிகாட்டி கொடுத்தது. வெளியே அறையின் வெப்பம் 35 பாகையாக இருக்கும்போது, செயலி விசிறிக்குள் நுழையும் காற்று 38 பாகையைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். இதற்காகத்தான் பெட்டியின் பக்கவாட்டுக் கதவில் செயலிக்கு நேரே ஒரு ஓட்டையும் பிளாஸ்டிக் குழாயும் வந்தன. பலர் அதை அலங்காரம் என்று நினைத்தார்கள்.

கணக்கு எளிது. செயலியின் வெப்பநிலை என்பது விசிறிக்கு வரும் காற்றின் வெப்பத்தோடு, செயலியின் வாட்டை ஹீட் சிங்கின் வெப்பத் தடையால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது. ஒவ்வொரு வாட்டுக்கும் 0.33 பாகை ஏற்றும் ஹீட் சிங்க் என்றால் 100 வாட்டுக்கு 33 பாகை. வழிகாட்டியின்படி 38ம் 33ம் சேர்ந்து 71. பிரெஸ்காட்டின் மேல்மூடிக்கு அனுமதித்த அளவு ஏறத்தாழ இதுதான். ஏசி அறை 25 பாகை, சாதாரணப் பெட்டிக்குள் 8 பாகை கூடுதல் என்றால் 33ம் 33ம் சேர்ந்து 66. நிம்மதி. அதே பெட்டி 38 பாகை அறையில் இருந்தால் 46ம் 33ம் சேர்ந்து 79. வரம்பு போயிற்று. கணினியில் எந்தக் குறையும் இல்லை. ஊர்தான் வழிகாட்டிக்கு வெளியே இருக்கிறது.

விசிறியின் வேகத்திலும் இதே கதை. அந்தக் கால இன்டெல் விசிறிகள் மூன்று ஊசி இணைப்பு கொண்டவை. ஒன்று 12 வோல்ட், ஒன்று எர்த், மூன்றாவது சுழற்சிக் கணக்கு சொல்லும் கம்பி. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். தாய்ப்பலகை அதை எண்ணி ஆர்.பி.எம். காட்டும். விசிறியின் நடுவில் ஒரு வெப்ப உணரி இருக்கும். அது செயலியை அளக்காது, உள்ளே வரும் காற்றை அளக்கும். காற்று 30 பாகை வரை மெதுவாகச் சுற்றும். 38ஐத் தொட்டால் முழு வேகம். குளிர் நாட்டில் மெல்ல முனகும் அதே விசிறி ராமநாதபுரத்துக் கோடையில், செயலி சும்மா இருந்தாலும், முழு வேகத்தில் கத்திக்கொண்டே இருக்கும்.

2004ல் நான்கு ஊசி விசிறி வந்தது. நான்காவது கம்பி வழியாகத் தாய்ப்பலகை வினாடிக்கு 25,000 துடிப்புகள் அனுப்பி, அவற்றின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். இப்போது விசிறி செயலியின் உண்மையான சூட்டைக் கேட்டு நடந்தது. ஸ்பீட்ஃபேன் போன்ற இலவச மென்பொருள்கள் இந்த எண்களைத் திரையில் காட்டின.

ஆனால் வேகத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகுமா? விசிறிக்கென்று ஒரு விதி உண்டு. வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் காற்று 20 சதவீதம்தான் கூடும். ஆனால் விசிறி எடுக்கும் மின்திறன் 73 சதவீதம் கூடும், இரைச்சலும் ஏறும். அதோடு விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் செயலியை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. 46 பாகைக் காற்றை எவ்வளவு ஊதினாலும் அது 46 பாகைக் காற்றுதான்.

உப்பும் புழுதியும்

கடலாடிப் பகுதிக்கு வெயில் மட்டும் பிரச்சினை இல்லை. கடற்காற்றில் உப்பு உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். இது வேதியியல் பாடம். கடலோர இரவுகளில் அந்த ஈரப்பதம் சாதாரணம். ஹீட் சிங்கின் இடுக்குகளில் படிந்த புழுதி இந்த ஈரத்தில் சேறாகிப் பகலில் காய்ந்து அடையாகிறது. விசிறி சுழலும், ஆர்.பி.எம். சரியாகக் காட்டும், ஆனால் காற்று உள்ளே போகாது. இதனால்தான் விசிறி வேகத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது.

சமவெளி ஊர்களில் உதவும் ஏர் கூலரும் கடலோரத்தில் அவ்வளவாகப் பயன்படாது. ஏற்கெனவே ஈரமான காற்றில் நீர் ஆவியாவது குறைவு. அறை குளிராது, ஈரம்தான் ஏறும். கணினி அறையில் அது நன்மையை விடத் தீமை.

இன்னொரு தவறான நம்பிக்கை, மின்னழுத்தம் குறைந்தால் கணினி விசிறியும் மெதுவாகும் என்பது. கூரை விசிறி அப்படித்தான். ஆனால் கணினி விசிறி எஸ்.எம்.பி.எஸ். கொடுக்கும் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகிறது. வீட்டு மின்னழுத்தம் ஓரளவு இறங்கினாலும் எஸ்.எம்.பி.எஸ். அந்த 12 வோல்ட்டைக் காக்கும். கூரை விசிறி நின்றுபோய் அறையின் சூடு ஏறுவதுதான் உண்மையான பாதிப்பு. 2012ல் தமிழ்நாட்டு ஊர்கள் நாளுக்குப் பல மணி நேர மின்வெட்டில் தவித்தபோது யு.பி.எஸ்.ஸில் கணினி ஓடியது, கூரை விசிறி ஓடவில்லை. மின்வெட்டு நேரத்தில் கணினி சூடானதற்கு அது போதுமான காரணம்.

பழுது பார்க்கும் வரிசை

சூட்டைக் கண்டுபிடிக்க அனுபவசாலிகள் பின்பற்றும் வரிசை ஒன்று உண்டு. முதலில் நேரத்தைக் கவனிப்பது. மதியம் மட்டும் வரும் கோளாறு என்றால் சந்தேகம் சூட்டின் மேல். அடுத்து கணினியைத் தொடங்கும்போதே பயாஸ் திரைக்குள் போய் வெப்பத்தையும் ஆர்.பி.எம்.மையும் பார்ப்பது. பூஜ்யம் காட்டினால் விசிறி நின்றிருக்கலாம், அல்லது கம்பி தவறான இணைப்பில் செருகப்பட்டிருக்கலாம். கண்ணால் பார்த்தால் தெரியும்.

மூன்றாவது, மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து தூசி எடுப்பது. ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அது தறிகெட்டுச் சுழன்று தாங்கி கெடும். நான்காவது, ஹீட் சிங்க் உறுதியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. 2004க்குப் பின் வந்த இன்டெல் விசிறிகளில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள். அவற்றில் ஒன்று சரியாக இறங்காவிட்டாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஐந்தாவது, பழைய வெப்பப் பசை காய்ந்து மண்ணாகியிருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக மெல்லியதாகத் தடவுவது. பசை குளிர்ச்சி தருவதில்லை. இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே உள்ள நுண்ணிய காற்று இடைவெளியை நிரப்புவது மட்டுமே அதன் வேலை. பரோட்டாவுக்குச் சால்னா ஊற்றுவது போல ஊற்றினால் அதுவே தடையாகும்.

ஆறாவது, தாய்ப்பலகையில் செயலியைச் சுற்றி நிற்கும் மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா என்று பார்ப்பது. 2000களின் முற்பகுதியில் தரமற்ற மின்தேக்கிகள் உலகெங்கும் ஏராளமான பலகைகளைக் கெடுத்தன. வெப்பம் 10 பாகை கூடினால் இவ்வகை மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். சூடான ஊரில் அவை முந்திச் சாகும். அதன் அறிகுறியும் தானாக அணைந்து எழுவதுதான். எனவே விசிறியை மாற்றியும் கோளாறு தீராவிட்டால் இங்கே பார்க்க வேண்டும்.

கடைசியாக, செயலியின் மின்னழுத்தத்தையும் வேகத்தையும் பயாஸில் கொஞ்சம் இறக்குவது. இரண்டையும் 10 சதவீதம் குறைத்தால் வெப்பம் கால் பங்குக்கு மேல் குறையும். கடிதம் தட்டச்சு செய்யும் கணினிக்கு அந்த வேகக் குறைவு தெரியவே தெரியாது. கொஞ்சம் யோசித்தால் இது சி-டாட் பொறியாளர்கள் 1980களில் எடுத்த முடிவேதான். சூட்டை விரட்டுவதை விடச் சூட்டை உண்டாக்காமல் இருப்பது மேல்.

ஒரு பெரிய மாட்டுக்குப் பதில் பல சிறிய மாடுகள்

உலகமும் கடைசியில் அந்த வழிக்கே வந்தது. 1980களில் இந்தியா அமெரிக்காவிடம் சூப்பர் கணினி கேட்டபோது வானிலை ஆய்வுக்கு ஒரு கிரே எக்ஸ்-எம்பி மட்டும் கிடைத்தது. அது ஃப்ரியான் திரவத்தால் குளிரூட்டப்பட்ட இயந்திரம். அதைவிடப் பெரியது மறுக்கப்பட்டது. 1988ல் தொடங்கப்பட்ட சி-டாக், ஒரே ராட்சதச் செயலிக்குப் பதிலாகப் பல சிறிய டிரான்ஸ்பியூட்டர் செயலிகளை இணைத்து 1991ல் பரம் 8000ஐக் கொண்டுவந்தது. 2005ல் மேசைக் கணினிகளும் அதே பாதையில் இரட்டைக் கருவுக்கு மாறின. 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுயோ 65 வாட்டில், 100 வாட் பென்டியம் 4ஐ விட அதிக வேலை செய்தது. ஊளையிட்ட விசிறிகள் அதன் பிறகு அமைதியாயின.

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது மேசைக் கணினி இல்லாத பல வீடுகளுக்கும் கணினி போனது. மின்சாரம் குறைவாக எடுக்கும் செயலி, கூடவே மின்கலம். ஆனால் காற்று போகும் வழி அடியில். மெத்தை மேல் வைத்துப் படித்தவர்களுக்குச் சூட்டின் பாடம் மறுபடியும் கிடைத்தது. பிறகு விசிறியே இல்லாத கைபேசி வந்தது. அதுவும் வெயிலில் சூடானால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 2020ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது கைபேசியில் பாடம் கேட்ட பிள்ளைகளில் பலர் இதைக் கண்டிருப்பார்கள்.

கடலாடிக்குப் பக்கத்துக் கமுதியில் 2016ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. அங்கேயும் சூடுதான் சிக்கல். சிலிக்கான் தகடு ஒரு பாகை சூடேறினால் அதன் மின் உற்பத்தி ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். புழுதி படிந்தாலும் குறையும். தகடுகளைத் துடைக்கவே எந்திரங்கள் ஓடுகின்றன. கணினிக்குள் இருப்பதும் சிலிக்கான், வயலில் கிடப்பதும் சிலிக்கான். இரண்டுக்கும் எதிரிகள் ஒன்றே.

2018ல் சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலி இயங்கிக் காட்டியது. மொஹாலியில் உள்ள அரசு ஆலையிலும் அதன் ஒரு வடிவம் தயாரானது. குறைந்த மின்திறன் கருவிகளுக்கும் அது குறிவைக்கப்பட்டது. அதன் வருங்காலம் எப்படியோ, கேட்க வேண்டிய கேள்வி பழையதுதான். வழிகாட்டியில் உள்ள 35 பாகை என்ற கோட்டை யார் போடுகிறார்கள்? கித்தூருக்கு ஒரு தொலைபேசி நிலையத்தை வடிவமைத்தவர்கள் அந்தக் கோட்டைத் தாங்களே போட்டார்கள். அதனால் அது கிராமத்தில் ஓடியது. மேசைக் கணினிக்கு அந்தக் கோட்டை வேறு யாரோ போட்டார்கள். அதனால் கடலாடியில் மதியம் இரண்டு மணிக்கு அது நிற்கிறது.

அதுவரை செய்யக்கூடியது, பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பது, மாதம் ஒரு முறை தூசி தட்டுவது, கனமான வேலையைக் காலையிலோ கடற்காற்று வந்த பிறகோ வைத்துக்கொள்வது. உப்பளத் தொழிலாளி வெயில் ஏறுமுன் விடியலிலேயே வேலையைத் தொடங்குவது எதற்காகவோ, இதுவும் அதற்காகத்தான்.